யாருடைய கண்ணில் ஏரி?

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் இருக்கிறது அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், 72 ஏரி குளங்கள், 200 ஊற்றுகள், 3 தடுப்பணைகள் என்று அந்தப் பகுதியைப் பற்றி அரசே கணக்குச் சொல்கிறது. குன்றில் சமணர் படுகை உண்டு. தமிழி எழுத்துக் கல்வெட்டு உண்டு. பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோயில் உண்டு. சுமார் 250 வகைப் பறவைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்தது.

இரண்டே ஆண்டுதான். 2024 நவம்பரில் இந்தப் பகுதியில் ஒரு பங்கையும் சேர்த்து, சுமார் 2,015 ஹெக்டேரை டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஒன்றிய அரசு ஏலம் விட்டது. ஊர்கள் கொதித்தன. டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவை எதிர்ப்புத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் மதுரையை நோக்கித் திரண்டு நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

மலை ஒன்றுதான். சுரங்கத் துறையின் கண்ணுக்கு அது தாது. சுற்றுச்சூழல் துறையின் கண்ணுக்கு அது பல்லுயிர். தொல்லியல் அறிஞருக்கு அது வரலாறு. ஆயக்கட்டு விவசாயிக்கு, மழைநீரைத் தன் கண்மாய்க்கு இறக்கிவிடும் வாரி. யார் கண் வழியாக அரசு பார்க்கிறதோ அதற்கேற்ற சட்டம் வருகிறது. ஒரு கண் வழியாகப் பார்த்தபோது பாதுகாப்பு அறிவிப்பு வந்தது. இன்னொரு கண் வழியாகப் பார்த்தபோது ஏல அறிவிப்பு வந்தது. இயற்கையைப் பற்றிய பார்வை ஏதோ தத்துவ வகுப்பில் பேசி முடிக்கும் சங்கதி என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

மேலூர் மக்களின் வெற்றி நம் எல்லோருடைய வெற்றி. அந்த வெற்றிக்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. தாதுவாகப் பார்ப்பவர், பறவையாகப் பார்ப்பவர், பாசனமாகப் பார்ப்பவர் என்று இத்தனை பேர் கண்ணும் கணக்கில் வந்தது. ஒரு சென்ட் நிலமும் இல்லாமல், அந்த மலையடியிலும் கண்மாய்க் கரையிலும் ஆடு மேய்த்து, விறகு ஒடித்து, நண்டும் நத்தையும் பிடித்து, கூலிக்குக் கரை போட்டுப் பிழைப்பவர்களின் கண் எந்தக் கணக்கில் வருகிறது? தமிழ்நாடு முழுவதற்கும் கேட்க வேண்டிய கேள்வி இது.

தொழிலும் இயற்கைதான்

தொல்காப்பியம் நிலத்தைப் பிரித்த முறையை மாணவர்கள் அறிவார்கள். ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள் உண்டு. அந்தப் பட்டியலில் மரமும் பறவையும் விலங்கும் மட்டும் இல்லை. உணவு இருக்கிறது, தெய்வம் இருக்கிறது, அந்த நிலத்து மக்கள் செய்யும் தொழில் இருக்கிறது. யாழ் இருக்கிறது. பறையும் இருக்கிறது. மனிதர் கைபடாத காடுதான் இயற்கை என்ற எண்ணம் அங்கே இல்லை. உழைப்பும் அந்த உழைப்பிலிருந்து பிறந்த இசையும் நிலத்தோடு சேர்த்தே எண்ணப்பட்டன.

அதில் பறை எல்லா நிலத்துக்கும் உரியது. ஒவ்வொரு திணைக்கும் அதனதன் பறை. பிற்காலத்தில் அந்தப் பறையை ஒரு மக்கள் தலையில் இழிவாகக் கட்டிவிட்டார்கள். அதை அடிப்பவரின் குடியிருப்பை ஊருக்கு வெளியே தள்ளினார்கள். பறையை ஒதுக்கிய அதே கை, நிலத்தில் உழைத்தவரையும் நிலத்தின் கணக்கிலிருந்து ஒதுக்கியது. மரத்தையும் பறவையையும் எண்ணிவிட்டுத் தொழிலை விட்டுவிடும் இன்றைய சூழல் திட்டங்கள், தெரிந்தோ தெரியாமலோ அந்த ஒதுக்கலைத் தொடர்கின்றன.

நீர்க்கட்டியின் கதை

தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. ஏரிகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சொல்லும் சொல் குடிமராமத்து. அந்தக் காலத்தில் ஊர் கூடி ஏரியைத் தூர் வாரியது, மதகைப் பார்த்துக்கொண்டது, வெள்ளைக்காரன் வந்து கெடுத்துவிட்டான் என்பது பள்ளிப் பாடம் வரை பரவிய கதை.

அதில் பாதி உண்மை. ஊர் கூடியது என்னவோ சரி. கூடிய ஊரில் கூடையைத் தலையில் சுமந்தவர் யார், கரையில் குடை பிடித்து நின்றவர் யார்? சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்து 2003-இல் 'தி ரூல் ஆஃப் வாட்டர்' என்ற நூலை எழுதிய டேவிட் மோஸ், கண்மாய் நிர்வாகம் என்பது சாதி அதிகாரத்தோடும் மரியாதையோடும் பின்னிக்கிடந்ததை விரிவாகக் காட்டுகிறார். ஆங்கில அரசு 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றையே சென்னை மாகாணத்தில் கொண்டுவந்தது. வெள்ளத்தில் கரை உடையாமல் காக்கவும், பாசன வேலைகளுக்கு வழக்கப்படி தர வேண்டிய உழைப்பை வாங்கவும் அந்தச் சட்டம். ஊர் முழுவதும் மனமுவந்து இறங்கி வேலை செய்திருந்தால் கட்டாயப்படுத்தச் சட்டம் எதற்கு?

ஏரியின் உண்மையான காவலர் ஒருவர் இருந்தார். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, கம்புகட்டி என்று வட்டாரத்துக்கு ஒரு பெயர் அவருக்கு. பல மாவட்டங்களில் அவர் தலித். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. எந்த வயல் காய்கிறது, எந்த வயலுக்குப் போதும் என்பது அவர் தலைக்குள் இருக்கும். கடைமடை வரை தண்ணீர் போய்ச் சேர வாய்க்காலோடு நடப்பார். அடைமழை இரவில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்ட நேரத்தில் அவர் கரையில் இருப்பார். கசிவு தெரிந்தால் மண்ணும் வைக்கோலும் கொண்டு அடைப்பார். அடைக்க முடியாவிட்டால் ஊரை எழுப்புவார்.

அவருக்குச் சம்பளம் கிடையாது. அறுவடைக் களத்தில் நெல் அளந்து போடுவார்கள். களத்தில் இப்படிக் கொடுக்கும் பங்குக்குச் 'சுதந்திரம்' என்று பெயர். என்ன பொருத்தமான பெயர் பாருங்கள்! அவர் கை பட்ட தண்ணீர் ஊரின் எல்லா வயலிலும் பாய்ந்தது, நெல்லானது, சோறானது, கோயிலில் படையலானது. அவர் வீட்டுப் பெண் ஊர்க் கிணற்றில் வாளியை இறக்கினால் மட்டும் தண்ணீர் தீட்டானது.

ஆழ்குழாய்க் கிணறு வந்த பிறகு, பம்ப்செட் வைத்தவர்களுக்கு ஏரித் தண்ணீரின் தேவை குறைந்தது. களத்து நெல்லும் குறைந்தது. நீர்க்கட்டியின் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனார்கள். இழிவு சேர்ந்த தொழிலை விட்டு அவர்கள் போனதில் தவறே இல்லை. நமக்கு அது விடுதலை. ஆனால் அவரிடம் இருந்த அறிவை மதித்து, அதற்குப் பதவியும் ஊதியமும் கொடுத்து, யார் வேண்டுமானாலும் செய்யத்தக்க கௌரவமான வேலையாக மாற்ற அரசுக்குத் தோன்றவில்லை. ஏரிகள் பாழானதற்கு ஆக்கிரமிப்பையும் தூர்ந்துபோனதையும் காரணமாகச் சொல்கிறார்கள். மடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனதும் ஒரு காரணம் என்று எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை.

2000-இல் வந்த நீர்ப்பாசன முறைகளை விவசாயிகள் நிர்வகிக்கும் சட்டம், பாசன சங்கத்தில் ஆயக்கட்டு நிலவுடைமையாளர்களை உறுப்பினர்கள் ஆக்கியது. 2017-இல் புதிய உருவில் வந்த குடிமராமத்துத் திட்டமும் ஆயக்கட்டுதாரர் சங்கங்களை நம்பியே நடந்தது. பத்தில் ஒரு பங்கு விவசாயிகளின் பங்களிப்பு என்பது ஏற்பாடு. நிலம் உள்ளவர் சங்கத்தில் வந்தார். மடை திறந்தவருக்கு நிலம் இல்லை, ஆகவே சங்கத்தில் இடமும் இல்லை. ஏரியைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர், ஏரியைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்துக்கு வெளியே நிற்கிறார். வண்டல் மண்ணை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு அறிவிக்கிறது. நல்ல அறிவிப்புதான். அள்ளிய மண்ணைக் கொட்ட நிலம் வேண்டுமே.

குளத்துக்கு எது தீட்டு?

மனிதர் தொட்டால் தண்ணீர் கெடும் என்பதும் இயற்கையைப் பற்றிய ஒரு பார்வைதான். அந்தப் பார்வைக்கு எதிராக நடந்த பெரும் போராட்டம் மராட்டியத்து மகாத் நகரில் நடந்தது. பொதுக் குளம், கிணறுகளைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டமன்றம் 1923-இலேயே தீர்மானித்திருந்தது. மகாத் நகராட்சியும் அதை ஏற்றிருந்தது. காகிதத்தில் உரிமை இருந்தது, குளத்தில் இல்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து சென்று சவுதார் குளத்தில் தண்ணீரை அள்ளிக் குடித்தார்.

அதற்குப் பிறகு சாதி இந்துக்கள் செய்தது நம் கவனத்துக்குரியது. பாலும் தயிரும் சாணமும் கோமியமும் குளத்தில் கலந்து அதைச் 'சுத்தம்' செய்தார்கள். மாட்டின் கழிவு தண்ணீரைத் தூய்மை ஆக்கும், மனிதரின் கை அசுத்தம் ஆக்கும் என்பது அந்தப் பார்வை. வழக்கு பத்தாண்டு நடந்து, 1937-இல் உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ந்தது.

அதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்லிவிட முடியுமா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. சுகாதாரம், குடிநீர்த் தரம், நீர்ப் பரிசோதனை என்று அரசிடம் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. ஒரு தொட்டித் தண்ணீருக்கு எதிராகவும் சாதி நிற்கும் என்பதற்கு அந்தச் சொற்களில் இடமில்லை.

வேங்கைவயலுக்கு முன்பே மேலூர்ப் பகுதி ஒரு பாடம் சொல்லியிருக்கிறது. டங்ஸ்டனுக்கு எதிராக எழுந்த அதே வட்டாரத்தில்தான் மேலவளவு இருக்கிறது. தலைவர் பதவி தனித்தொகுதி ஆனதைப் பொறுக்காமல், ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவருடன் இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். அதை நாற்காலிக்கான கொலை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்மாய், மீன் பாசி ஏலம், மரங்கள், புறம்போக்கு என்று ஊர்ப் பொதுச் சொத்து அத்தனையும் ஊராட்சியின் கையைத் தொட்டுத்தான் போகின்றன. அந்தக் கை யாருடையது என்பதுதான் அங்கே கேள்வி. தமிழ்நாட்டுக் கிராமத்தில் இயற்கை வளத்துக்கான அரசியல் இதுதான்.

'வீண்' என்று எழுதப்பட்ட நிலம்

வரி வராத நிலத்துக்கு வருவாய்க் கணக்கு வைத்த பெயர்கள் தரிசு, புறம்போக்கு. இன்று புறம்போக்கு என்பது ஒரு வசைச்சொல். யோசித்துப் பாருங்கள். மேய்ச்சல் தரை, மந்தைவெளி, ஏரி, ஓடை, சுடுகாடு எல்லாம் புறம்போக்கு. ஊர் உயிரோடு இருக்கத் தேவையான இடங்கள் எல்லாம் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கின்றன. வரி தராததால் நிலம் வசையானது. அங்கே குடிசை போட்டவரும் வசையானார்.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் அரசுக்கு எழுதிய அறிக்கையில் ஒரு சூழ்ச்சியை உடைத்துக் காட்டினார். தரிசு நிலத்தைக் கேட்டுத் தாழ்த்தப்பட்டவர் தர்க்காஸ்து கொடுத்தால், அந்த நிலத்தின் மீது மிராசுதாருக்கு முன்னுரிமை இருந்தது. அவர் குறுக்கே நிற்பார். நிலம் சும்மா கிடக்கும். இயற்கையைக் காப்பதற்காக அது சும்மா கிடக்கவில்லை. சேரி ஆளுக்கு ஒரு காணி கிடைத்துவிட்டால் தன் வயலில் இறங்க ஆள் வராது என்பதற்காகச் சும்மா கிடந்தது. அந்த அறிக்கையின் பயனாக 1892-இல் பிறந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பத்து ஆண்டு விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் அதே வகுப்பினருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை.

அந்த நிலத்தில் எவ்வளவு இன்று நம்மிடம் இருக்கிறது என்பதை நம் ஊர்களில் சுற்றிப் பார்த்தாலே தெரியும். 1994-இல் காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடியபோது, அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர்விட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 20 பேர் பட்டியலினத்தவர். நிலத்தில் அவர்கள் பங்கு அதற்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. சூழல் கொள்கைக்கும் நிலப் பங்கீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. நிலம் உள்ளவரையே 'பயனாளி' என்றும் 'பங்குதாரர்' என்றும் திட்டங்கள் அழைக்கும் வரை, சம்பந்தம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

ஒரு மரம், பல வழக்கு

சீமைக் கருவேலத்தை எடுத்துக்கொள்வோம். வட மாவட்டங்களில் வேலிகாத்தான் என்பார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்த மரத்தை, வறண்ட மாவட்டங்களுக்கு விறகு கிடைக்கட்டும் என்று அரசே பரப்பியது. அன்றைய பார்வையில் அது வரம். பிறகு அது கண்மாய்களை அடைத்து, மேய்ச்சல் தரையைத் தின்று பெருகியது. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று வழக்குப் போட்டார்கள். 2017-ஐ ஒட்டி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் ஊரெங்கும் மரம் வெட்டும் படலம் நடந்தது. 2022-இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கென்று மாநில அரசு தனிக் கொள்கையே வகுத்தது. இன்றைய பார்வையில் அது சாபம்.

வரமும் சாபமும் ஆன இந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் இராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் சிவகங்கையிலும் நிலமற்ற குடும்பங்கள் அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தன. மழை பொய்த்த ஆண்டுகளில் வயலில் கூலி இல்லாதபோது அடுப்பெரிய அதுதான் இருந்தது. முள் தைத்த காலோடும் புகை ஏறிய நெஞ்சோடும் செய்த வேலை. அதைச் சுகமான வாழ்வு என்று யாரும் பாட வேண்டாம். மரம் போக வேண்டும் என்பதிலும் நமக்குச் சண்டை இல்லை. கண்மாய்க்குள் நிற்கும் மரம் போகத்தான் வேண்டும். மரத்தை அகற்றிய பிறகு அந்தக் குடும்பம் எதை வைத்து உலை ஏற்றும் என்பது கொள்கையின் முதல் பக்கத்தில் வர வேண்டும் என்பதுதான் நம் வாதம். வெட்டும் ஏலத்தைப் பெரிய ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டு, மூட்டம் போட்டவரைக் கூலியாக்கினால், ஏரியும் பிழைக்காது. வெட்டிய இடத்தில் மறுபடி முளைக்கும் கன்றைப் பிடுங்கிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஏரியில் பங்கு வேண்டும்.

அண்ணல் பார்த்த ஆறு

கிராமத்தைப் பொன்னுலகமாகப் பார்க்கும் ஒரு மரபு நம் சூழல் பேச்சில் வலுவாக இருக்கிறது. பழைய வாழ்க்கைக்குத் திரும்பினால் இயற்கை பிழைக்கும் என்பார்கள். அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில், கிராமம் என்பது அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் தேங்கிய இடம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். பழைய கிராமத்தில் நமக்கு இருந்த இடம் எது என்று தெரிந்தவரின் சொல் அது.

அவர் இயற்கையை வெறுத்தவரா? 1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. 1943-இல் தாமோதர் ஆற்று வெள்ளம் வங்காளத்தைச் சீரழித்த பிறகு, வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் மூன்றையும் சேர்த்து ஒரே ஆற்றுப் படுகைத் திட்டமாக வகுக்கும் பணியை முன்னின்று நடத்தினார். 1948-இல் அது தாமோதர் பள்ளத்தாக்குக் கழகமாகச் சட்டமானது. மிகுதியான தண்ணீரைச் சனியனாகப் பார்த்துக் கடலுக்குத் துரத்தும் பார்வை தவறு, தண்ணீர் மிகுந்து கெட்டவர்களைவிட இல்லாமல் கெட்டவர்களே அதிகம், ஆகவே அதைத் தேக்கி ஏழைக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது 1945-இல் கட்டாக் மாநாட்டில் அவர் எடுத்துவைத்த கருத்து. தண்ணீரை அவர் சாமியாகவும் பார்க்கவில்லை, சரக்காகவும் பார்க்கவில்லை. உரிமையாகப் பார்த்தார்.

அந்தத் திட்டத்தின் அணைகளுக்காக ஊரை இழந்தவர்களில் பழங்குடியினர் ஏராளம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வளர்ச்சியின் பயன் ஒருவருக்கும் பாரம் இன்னொருவருக்கும் என்று பிரியும்போது, அண்ணல் கேட்ட உரிமைக் கேள்வியை அந்தத் திட்டத்தை நோக்கியும் கேட்பதுதான் அவர் வழி. சாதியும் சூழலும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்று 2017-இல் 'காஸ்ட் அண்ட் நேச்சர்' என்ற நூலில் முகுல் சர்மா எழுதினார். தலித்துகளுக்குச் சூழல் அக்கறை கிடையாது என்ற பேச்சு எவ்வளவு பொய் என்பதைப் புரிந்துகொள்ள மாணவர்கள் அதைத் தேடிப் படிக்கலாம்.

சட்டத்தில் இருக்கும் சந்து

சட்டம் முழுவதும் நமக்கு எதிராகவே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். படித்துப் பார்த்தால் பிடித்துக்கொள்ளச் சில கொம்புகள் இருக்கின்றன.

ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்று 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடெங்கும் ஏரி, குளம் காக்கும் வழக்குகளில் இந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறார்கள். அதே தீர்ப்பில் ஒரு விதிவிலக்கும் உண்டு. அரசு அறிவிப்பின்படி நிலமற்ற தொழிலாளர்களுக்கோ பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கோ குத்தகையாக வழங்கப்பட்ட இடத்தை வரன்முறைப்படுத்தலாம் என்கிறது அது. வெளியேற்ற நோட்டீஸ் நம் காலனிக்கு வரும்போது முதல் பாதியை மட்டும் படித்துக் காட்டுகிறார்கள். இரண்டாம் பாதியைப் படிக்க வேண்டியது நம் பொறுப்பு. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-இல் வந்த சட்டம், குடிசைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் பொதுவானது. எது முதலில் இடிபடுகிறது என்பதைப் பாருங்கள். சென்னையில் ஆற்றங்கரைக் குடிசைகளை வெள்ளத்தைக் காரணம் காட்டி அகற்றி, அந்த மக்களைப் பெரும்பாக்கத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்துக்கே கொண்டுபோய் வைத்தார்கள். வெள்ளம் அவர்களை அங்கேயும் தேடி வருகிறது.

2006-இன் வன உரிமைச் சட்டத்திலும் ஒரு முடிச்சு. காட்டோரத்தில் தலைமுறையாக வாழும் தலித் குடும்பம் பழங்குடி அல்லாததால், 'பிற மரபுவழி வனவாசி' என்ற வகையில் வரும். அதற்கு 75 ஆண்டுக் குடியிருப்பைக் காட்ட வேண்டும். குடும்ப அட்டை வந்ததே அதற்குப் பிறகுதான். பெயர் எழுதப்படாமல் வாழ்ந்தவரிடம் எழுத்துச் சான்று கேட்பது என்ன நீதி?

பல்லுயிர்ச் சட்டம் 2002-இல் வந்தது. அதன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். 2004-ஆம் ஆண்டு வகுத்த விதிகளின்படி, தலைவர் நீங்கலாக ஆறு உறுப்பினர்கள் வரை நியமிக்கலாம் என்று இருந்தது. அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள், 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டியலினத்தவர் அல்லது பழங்குடியினர். ஆறு பேரில் ஒருவர் என்றால் 17 விழுக்காட்டைக்கூட எட்டாது. அந்த விதிப்படி இரண்டு பேர் இருக்க வேண்டியிருந்தது. உங்கள் ஊராட்சிக் குழுவில் எத்தனை பேர், அவர்கள் யார், பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதுண்டா? எந்த ஓடையில் எந்த மீன், எந்தப் புல்லை ஆடு தொடாது, எந்த வேர் பாம்புக் கடிக்கு ஆகும் என்று நம் ஆத்தாவும் தாத்தாவும் சொன்னதெல்லாம் அந்தப் பதிவேட்டில் ஏறினால்தான், அந்த அறிவு நம்முடையது என்பதற்குச் சாட்சி.

நாம் செய்யக் கூடியவை

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். மகாத் குளத்து மார்ச் 20-க்கு இரண்டே நாள் கழித்து வருவது. அந்தச் சபையில் வைக்க நான்கு கோரிக்கைகள் போதும்.

ஒன்று, ஊரின் அ-பதிவேட்டில் உள்ள புறம்போக்கு, தரிசு, பஞ்சமி நிலங்களின் பட்டியலைச் சபையில் படிக்க வேண்டும். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் இந்த ஒரு மனுவை எழுதிப் பழகினாலே பெரிய வேலை. இரண்டு, ஏரி, கண்மாய் சம்பந்தப்பட்ட எந்தக் குழுவிலும் நிலமற்றோருக்கு இடம் வேண்டும். நீர்க்கட்டி வேலை சாதி சாராத, ஊதியம் உள்ள பொது வேலையாக வேண்டும். மூன்று, மீன் பாசி குத்தகை, கருவேலம் வெட்டும் குத்தகை இவற்றில் நிலமற்ற பெண்களின் குழுக்களுக்கு முன்னுரிமை வேண்டும். நான்கு, ஆக்கிரமிப்பு அகற்றுவதென்றால் பெரிய கட்டடத்திலிருந்து தொடங்கட்டும். குடிசை கடைசி. அதுவும் மாற்று இடம் அதே ஊரில் தந்த பிறகு.

தீர்மானப் புத்தகத்தில் இவை எழுதப்பட வேண்டும். பேசிவிட்டு வந்தால் காற்றோடு போகும். எழுதியதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிலைத்த வளர்ச்சி என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியது 1987-இல் ஐ.நா. ஆணையம் ஒன்று வெளியிட்ட புருண்ட்லாண்ட் அறிக்கை. வருங்காலத் தலைமுறையின் தேவையைக் கெடுக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது என்பது அதன் விளக்கம். மேடைகளில் இந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். தேவை என்றால் முதலில் உலக ஏழைகளின் அடிப்படைத் தேவை, அதற்கே தலையாய முன்னுரிமை என்று அதே அறிக்கை அடுத்த மூச்சில் சொல்வதை விட்டுவிடுகிறார்கள். பேரப்பிள்ளைக்கு ஏரியைச் சேர்த்து வைக்கிறோம் என்பவரிடம், எந்தத் தெருப் பேரப்பிள்ளைக்கு என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

பார்வையைக் குறிக்க இன்று நாம் எழுதும் 'கண்ணோட்டம்' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் இரக்கம் என்று பொருள். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வைத்தார். கரையில் மண் சுமந்தவரையும் மடை திறந்தவரையும் காணாத எந்தச் சூழல் கொள்கைக்கும் அந்தப் பெயர் பொருந்தாது. அரிட்டாபட்டி மலை நின்றுவிட்டது. அதன் அடியில் தேங்கும் தண்ணீரில் எல்லாத் தெருவின் குடமும் இறங்கும் நாள் வரை நம் வேலை இருக்கிறது.